டயாலிசிஸ் எப்போது? தருமபுரி, கிருஷ்ணகிரி ஐ.சி.யூ.க்களுக்கு ஒரு நேரக் கணக்கு

ஐ.சி.யூ. நோயாளிக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவின் அளவு) 4-ஐத் தாண்டிவிட்டது, யூரோபேக்கில் (சிறுநீர் சேரும் பையில்) அரை நாளாக ஒன்றும் சேரவில்லை என்றதும் எழும் கேள்வி ஒன்றுதான்: இப்போதே டயாலிசிஸ் போடலாமா, பொறுக்கலாமா? கடந்த பத்தாண்டுகளில் இதற்குத் தெளிவான பதில் கிடைத்திருக்கிறது. உடனடி ஆபத்து இல்லையென்றால் பொறுக்கலாம். ஆனால் அந்தப் பதிலைத் தந்த மருத்துவமனைகளில் மெஷின் பக்கத்து அறையில் இருந்தது, இரவு இரண்டு மணிக்கும் டெக்னீஷியன் இருந்தார், இரத்தப் பரிசோதனை முடிவு உடனுக்குடன் கைக்கு வந்தது. அஞ்செட்டியிலோ சித்தேரியிலோ இருந்து வரும் நோயாளிக்கு இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைவதில்லை. ஆகவே இங்கே இரண்டு முடிவுகளைத் தனித்தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது. டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்பது ஒன்று. டயாலிசிஸ் கிடைக்கும் இடத்துக்கு நோயாளியை எப்போது நகர்த்துவது என்பது இன்னொன்று. முதலாவதைத் தள்ளிப்போடலாம். இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் நோயாளி வழியிலேயே இறந்துபோகலாம்.

இந்தப் பக்கத்தில் சிறுநீரகம் திடீரென்று கெட்டு ஐ.சி.யூ.வுக்கு வருபவர்கள் யார் என்று முதலில் பார்க்கலாம். கண்ணாடி விரியன் கடித்தவர்கள், தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து தொடையும் இடுப்பும் நசுங்கியவர்கள், காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டு ஸ்க்ரப் டைஃபஸோ எலிக்காய்ச்சலோ முற்றியவர்கள், கால் புண்ணிலிருந்து செப்சிஸ் (உடலெங்கும் பாதிக்கும் கிருமித் தொற்று) ஏறிய சர்க்கரை நோயாளிகள், பிரசவத்துக்குப் பின் இரத்தம் அதிகம் போனவர்கள், களைக்கொல்லியோ ஹேர் டையோ குடித்தவர்கள். பெரும்பாலும் நேற்றுவரை நல்ல சிறுநீரகம் இருந்தவர்கள். மூல நோய் அடங்கினால் பலருக்குச் சிறுநீரகம் திரும்பி வரும். பொறுத்துப் பார்ப்பதற்கு நியாயம் இருப்பது இதனால்தான்.

ஆய்வுகள் என்ன காட்டின

2016-இல் இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவோடு வந்தன. ஜெர்மனியில் ஒரே மையத்தில் 231 பேரிடம் நடந்த இலெய்ன் ஆய்வில், சீக்கிரம் தொடங்கியவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 39.3 சதவீதம், தாமதித்தவர்களில் 54.7 சதவீதம். இதைப் பார்த்துப் பலரும் சீக்கிரமே போடத் தொடங்கினார்கள். ஆனால் அது ஒரே மையம், நோயாளிகளும் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள். பிரான்சில் 31 ஐ.சி.யூ.க்களில் 620 பேரைச் சேர்த்த அகிகி ஆய்வில் 60 நாள் இறப்பு 48.5, 49.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், பொறுக்க வைக்கப்பட்டவர்களில் 49 சதவீதம் பேருக்குக் கடைசிவரை டயாலிசிஸ் தேவைப்படவில்லை. கதீட்டர் (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாயில் செருகும் குழாய்) வழியாக இரத்தத்தில் கிருமி ஏறியது சீக்கிரக் குழுவில் 10 சதவீதம், பொறுத்த குழுவில் 5 சதவீதம்.

செப்டிக் ஷாக் (செப்சிஸ் முற்றி இரத்த அழுத்தம் விழுந்த) நோயாளிகளிடம் நடந்த ஐடியல்-ஐ.சி.யூ. ஆய்வும் 2018-இல் இதே திசையில்தான் முடிந்தது. ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பொறுக்க வைக்கப்பட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு அவசரமாக டயாலிசிஸ் போட வேண்டிவந்தது. மெஷின் இருக்கும் இடத்தில் அது ஓர் உத்தரவு, அவ்வளவுதான். இல்லாத இடத்தில் அந்த 17 சதவீதம்தான் நம் கவலை. 2020-இல் வந்த ஸ்டார்ட்-ஏகேஐ ஆய்வு இதுவரை நடந்தவற்றில் மிகப் பெரியது. 15 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். 90 நாள் இறப்பு 43.9, 43.7 சதவீதம். பிழைத்தவர்களில் 90-ஆம் நாளிலும் டயாலிசிஸை விட முடியாதவர்கள் சீக்கிரக் குழுவில் 10.4 சதவீதம், பொறுத்த குழுவில் 6 சதவீதம். தேவையில்லாமல் போடும் டயாலிசிஸ் இரத்த அழுத்தத்தை இறக்கிவிடக் கூடும், மீண்டு வரும் சிறுநீரகம் அதில் மறுபடி அடி வாங்கக் கூடும் என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம்.

எவ்வளவு வேண்டுமானாலும் பொறுக்கலாமா என்றால் அதுவும் இல்லை. 2021-இல் வந்த அகிகி-2 ஆய்வில், சிறுநீர் குறைந்து 72 மணி நேரம் ஆன பிறகும், அல்லது பி.யு.என். (இரத்தத்திலுள்ள யூரியா நைட்ரஜன் அளவு) 112-ஐத் தாண்டிய பிறகும், இன்னும் பொறுக்கலாமா என்று பார்த்தார்கள். 60 நாள் இறப்பு 44 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாகியது. நோயாளிகளுக்கு இடையே இருந்த மற்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது, மேலும் தாமதித்தது தீங்கு என்றே தெரிந்தது. ஆகவே பொறுப்பதற்கு ஓர் எல்லை உண்டு, அது ஏறக்குறைய மூன்று நாள்.

எந்த எண்ணில் தொடங்குவது

மருந்துக்கு அடங்காத பொட்டாசியம்: 6-க்கு மேல், அல்லது சிகிச்சை கொடுத்தும் 5.5-க்கு மேலேயே நிற்பது. இ.சி.ஜி. மாறியிருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அமிலம்: பி.எச். 7.15 முதல் 7.20-க்குக் கீழ், பைகார்பனேட் 12-க்குக் கீழ். நுரையீரல்: நீர் கோத்து ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போவது, சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் மருந்துக்கும் சிறுநீர் வராதது. யூரியாவால் வரும் இதய உறை அழற்சி, வலிப்பு, வேறு காரணம் சொல்ல முடியாத மயக்கம். மெத்தனால், லித்தியம் போல டயாலிசிஸில் வெளியேறும் நஞ்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் தொடங்க வேண்டியதுதான். இவை எதுவும் இல்லாமல் கிரியாட்டினின் 6 என்பதற்காக மட்டும் தொடங்க வேண்டியதில்லை.

யூரியா விஷயத்தில் இங்கே தினமும் நடக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன ஆய்வுகள் 112 என்று சொல்வது பி.யு.என். அளவை. நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் தருவது ப்ளட் யூரியா. பி.யு.என்.-ஐ 2.14-ஆல் பெருக்கினால் யூரியா வரும். அதாவது 112 என்பது யூரியாவில் 240. ரிப்போர்ட்டில் யூரியா 120 என்று பார்த்ததும் எல்லை தாண்டிவிட்டது என்று கழுத்தில் கதீட்டர் போட்டால், உண்மையில் பாதித் தூரத்திலேயே தொடங்கிவிடுகிறோம். லேப் மாறும்போது எந்த அளவு என்று தாளின் தலைப்பில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டில் இரண்டு லேப்களின் எண்களும் கலந்து கிடப்பது சாதாரணம்.

சிறுநீரை அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. என்பது கீழ் எல்லை. அதற்குக் குறைவாகத் தொடர்ந்து 6 மணி நேரம் போனால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை, 12 மணி நேரம் போனால் இரண்டாம் நிலை. மணிக்கு 18 மி.லி.க்குக் குறைவாக 24 மணி நேரம், அல்லது 12 மணி நேரம் சொட்டும் இல்லை என்றால் மூன்றாம் நிலை. ஷிஃப்ட் முடிவில் யூரோபேக்கை மொத்தமாகப் பார்த்து எழுதினால் இந்தக் கணக்கு நிற்காது, மணிக்கு மணி எழுத வேண்டும். சிறுநீரே இல்லை என்று முடிவு கட்டும் முன் கட்டிலுக்குக் கீழே குனிந்து குழாயைப் பார்க்க வேண்டும். குழாய் கட்டில் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கும், அந்த வளைவில் சிறுநீர் தேங்கிக் காற்று அடைத்து நிற்கும். குழாயைத் தூக்கிவிட்டதும் 200 மி.லி. இறங்கும். விரியன் கடியில் இரத்தக் கட்டி சிறுநீர்க் கதீட்டரின் துளையை அடைத்திருக்கலாம். 50 மி.லி. சிரிஞ்சில் சலைன் விட்டுக் கழுவிப் பார்த்து, முடிந்தால் ஸ்கேன் புரோபை அடிவயிற்றில் வைத்துச் சிறுநீர்ப்பை காலி என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ‘வரவில்லை’ என்று எழுத வேண்டும்.

பொட்டாசியம் எண்ணும் பொய் சொல்லும். கையை இறுக்கிக் கட்டி, விரலை மூடித் திற என்று சொல்லி எடுத்த இரத்தம், மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்த இரத்தம், வெயிலில் பைக்கில் போய்ச் சேர்ந்த இரத்தம், இவற்றில் தசையிலிருந்து கசிந்தோ சிவப்பணு உடைந்தோ பொட்டாசியம் ஏறித் தெரியும். இ.சி.ஜி. சுத்தமாக இருந்து எண் மட்டும் 6.8 என்றால், கட்டாமல் மறுபடி எடுத்து ஏ.பி.ஜி. (தமனி இரத்த வாயுப் பரிசோதனை) மெஷினில் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாகியிருந்தால், க்யூ.ஆர்.எஸ். அகன்றிருந்தால், மறுபரிசோதனைக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்க வேண்டும்.

மருந்தால் கிடைக்கும் அவகாசம்

10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. ஐந்து நிமிடத்தில் மெதுவாக. இ.சி.ஜி. மாறவில்லையென்றால் ஐந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி. இது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்தைக் காப்பாற்றுகிறது, அதுவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான். அடுத்து 10 யூனிட் சாதா இன்சுலினோடு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. சிறுநீரகம் கெட்டவரிடம் இன்சுலின் நெடுநேரம் தங்கும். அதனால் 6 மணி நேரத்துக்கு மணிக்கு மணி சர்க்கரை பார்க்க வேண்டும். மூன்றாம் மணியில் சர்க்கரை 40-க்கு இறங்கி மயங்கிப்போனவரை ‘யூரியா மயக்கம்’ என்று நினைத்துவிடுவது நடக்கக் கூடியதுதான். சால்பியூட்டமால் நெபுலைசேஷனில் பெரும்பாலும் செய்யும் தவறு அளவுதான். பொட்டாசியத்துக்குத் தேவை 10 முதல் 20 மி.கி. 2.5 மி.கி. ரெஸ்ப்யூல் ஒன்றை வைத்தால் ஒன்றும் நடக்காது, குறைந்தது நான்கு வேண்டும். இதய நோயாளியென்றால் துடிப்பைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

இன்சுலினும் சால்பியூட்டமாலும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதில்லை, செல்லுக்குள் தள்ளி வைக்கின்றன. 4 முதல் 6 மணி நேரத்தில் அது திரும்பி வெளியே வரும். மெஷின் இல்லாத ஊரில் பயணத்துக்குக் கிடைக்கும் நேரம் இந்த 4 முதல் 6 மணி நேரம்தான். எண் 5.4-க்கு இறங்கியதும் ‘சரியாகிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவது இந்த வைத்தியத்திலேயே ஆபத்தான முடிவு. நசுங்கிய தசையும் ஹேர் டை நஞ்சும் உள்ளவர்களிடம் உடைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அவர்களிடம் இந்த ஆறு மணி நேரத்தைக்கூட முழுதாக நம்பக் கூடாது.

பி.எச். 7.20-க்குக் கீழே இருந்து சிறுநீரகமும் கெட்டிருந்தால் சோடியம் பைகார்பனேட் உதவும். பிரெஞ்சு ஆய்வுகளில் அது டயாலிசிஸின் தேவையைக் குறைத்தது. முதல் ஆய்வில் இத்தகையவர்களின் உயிர்பிழைப்பும் கூடியதாகத் தெரிந்தது, பின்னால் வந்த பெரிய ஆய்வில் அது உறுதியாகவில்லை. தேவையைக் குறைப்பதே நமக்குப் பெரிய உதவி. அங்கே கொடுத்தது 4.2 சதவீதக் கரைசல், 125 முதல் 250 மி.லி., அரை மணி நேரத்தில். இங்கே கிடைப்பது 7.5 சதவீத ஆம்ப்யூல். அதில் 70 மி.லி. ஏறக்குறைய அங்குள்ள 125-க்குச் சமம், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து விடலாம். கால்சியம் போகும் அதே லைனில் விட்டால் சுண்ணாம்பு போல வெள்ளையாகத் திரிந்து லைன் அடைத்துக்கொள்ளும். நுரையீரலில் ஏற்கெனவே நீர் கோத்தவருக்கு இது வேண்டாம், அதிலுள்ள சோடியம் இன்னும் நீரை இழுக்கும்.

லாசிக்ஸால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அதை வைத்து வரப்போவதைக் கணிக்கலாம். உடலில் நீர் போதுமான அளவு உள்ளவருக்கு, கிலோவுக்கு 1 மி.கி., ஏற்கெனவே லாசிக்ஸ் வாங்கியவருக்கு 1.5 மி.கி. ஊசி வழியே கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரச் சிறுநீரை அளக்க வேண்டும். 200 மி.லி.க்குக் குறைந்தால் மூன்றாம் நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். இதை டயாலிசிஸுக்கான உத்தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டயாலிசிஸ் உள்ள மருத்துவமனைக்கு ஃபோனை எடுப்பதற்கான உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நகர்த்தும் முடிவு

தருமபுரியில் 2008-இலும் கிருஷ்ணகிரியில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு முன்பைப் போல எல்லாவற்றுக்கும் சேலம், பெங்களூரு என்று ஓட வேண்டியதில்லை. இருந்தாலும் தாலுகா மருத்துவமனையிலோ சிறு நர்ஸிங் ஹோமிலோ இருப்பவருக்குக் கணக்கு கடுமையானதுதான். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர், நடுவில் தொப்பூர் இறக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50, பெங்களூரு சுமார் 90. சாலைத் தூரத்தை மட்டும் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். படுக்கை உறுதிசெய்ய ஒரு மணி, 108 வர, ஏற்ற, போய்ச் சேர இரண்டு மணிக்கு மேல், அங்கே மறுபடி ஒரு ஏ.பி.ஜி., கதீட்டர் போட, மெஷின் கழுவிப் பிரைம் செய்ய இன்னும் ஒன்றரை மணி. முதல் ஃபோனிலிருந்து இரத்தம் டயலைசரில் ஓடும்வரை 5, 6 மணி நேரம் ஆகிவிடும். இன்சுலினால் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

ஆகவே மெஷின் இல்லாத இடத்தில் நகர்த்தும் எல்லை, தொடங்கும் எல்லைக்கு 6 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். இரண்டாம் நிலையில் ஃபோன். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்து சிறுநீரும் மணிக்கு 18 மி.லி.க்குக் கீழே என்றால் வண்டி. லாசிக்ஸ் சோதனையில் 200 மி.லி. தேறாமல், வந்த எடையில் 10 சதவீத அளவுக்கு உடலில் நீர் நின்றிருந்தால், 60 கிலோ ஆளுக்கு 6 லிட்டர், ஆக்சிஜன் ஏறும் முன்பே வண்டி. தசை நசுங்கியவர்களுக்கு இதைவிடவும் முன்னதாக.

அனுப்பும்போது கூடப் போக வேண்டியவற்றில் அடிக்கடி விடுபடுவது ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. முடிவுகள். அவை இல்லாமல் எந்த மெஷினில் போடுவது என்று டயாலிசிஸ் பிரிவால் முடிவெடுக்க முடியாது, கார்டு டெஸ்ட் முடிவு வரும்வரை நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். கிளம்பும் முன்பே எடுத்துத் தாளில் எழுதி அனுப்பினால் முக்கால் மணி மிச்சம். எடை, மணிவாரிச் சிறுநீர், உள்ளே போனது வெளியே வந்தது, நேரத்தோடு பொட்டாசியம் எண்கள், கடைசி இன்சுலின் கொடுத்த நேரம், இ.சி.ஜி. நகல்கள், பாம்புக்கடி என்றால் எத்தனை வயல் ஏ.எஸ்.வி. (பாம்பு நஞ்சு முறிவு மருந்து), எந்த நேரத்தில், கடைசி இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை என்ன காட்டியது. வண்டியில் இரண்டு கால்சியம் ஆம்ப்யூல், மானிட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி. மூச்சுக்குத் திணறுபவரென்றால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிட்டே கிளப்ப வேண்டும். கணவாயில் வளைந்து இறங்கும் வண்டிக்குள் அதைச் செய்ய முடியாது. கழுத்தில் கதீட்டர் முயன்று பார்த்துவிட்டு அனுப்புவது வேண்டாம், அங்கே இரத்தம் கட்டிவிட்டால் போய்ச் சேர்ந்த பிறகு குழாய் போட நல்ல இடம் போய்விடும்.

போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். அவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்பதற்காக டயாலிசிஸ் போடக் கூடாது. மெஷின் இருக்கும் கூரைக்குக் கீழே வந்துவிட்டால் பொறுக்கும் உரிமை திரும்பக் கிடைத்துவிடுகிறது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பொட்டாசியமும் ஏ.பி.ஜி.யும் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.

விரியன் கடியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்பதற்காக ஏ.எஸ்.வி. அளவைக் குறைப்பதும் தவறு, சிறுநீரகத்தை மீட்கும் என்று கொடுத்துக்கொண்டே போவதும் தவறு. இரத்தம் உறைகிறதா என்பதை வைத்து, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து முடிவுசெய்வதுதான் வழி. கன்னங்கள் இரண்டும் வீங்கி, கண் வெள்ளை நீர் கோத்துத் துருத்தி நின்றால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். அழுத்தம் குறைகிறதே என்று சலைனை ஓட்டினால் இரண்டு மூன்று லிட்டரிலேயே நுரையீரல் நிரம்பிவிடும். இவர்களுக்கு அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினைச் சீக்கிரம் தொடங்கலாம், நகர்த்தும் முடிவையும் சீக்கிரம் எடுக்கலாம்.

முதல் டயாலிசிஸ்

இரத்த அழுத்தம் மருந்தில் நிற்பவருக்கு நம் வசதியில் ஏற்றது ஸ்லெட் என்னும் மெதுவான, நீண்ட நேர டயாலிசிஸ். சாதாரண மெஷினிலேயே 6 முதல் 8 மணி நேரம், இரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 150 முதல் 200 மி.லி., டயாலிசேட் (சவ்வின் மறுபக்கம் ஓடும் கரைசல்) 300. டயாலிசேட் வெப்பம் 36 டிகிரி அல்லது அரை டிகிரி குறைவு, சோடியம் 140-க்குக் குறையாமல். முதல் அரை மணியில் நீர் எடுக்காமல் ஓட்டிப் பார்த்து, அழுத்தம் நின்றால் மணிக்கு 100 முதல் 200 மி.லி. என்று தொடங்கலாம். யூரியா மிக ஏறியிருந்தால் முதல் முறை இரண்டு மணி நேரம் போதும், 30 முதல் 40 சதவீதக் குறைவே இலக்கு. ஒரே மூச்சில் கழுவிவிட்டால் மூளை வீங்கி வாந்தி, குழப்பம், வலிப்பு வரும். பொட்டாசியம் 7 என்பதற்காகப் பொட்டாசியமே இல்லாத டயாலிசேட் வைப்பதும் கூடாது. சரிவின் வேகத்திலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகும். பொட்டாசியம் 2 உள்ள டயாலிசேட் வைத்து மணிக்கொருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

கதீட்டருக்கு முதல் தேர்வு வலது கழுத்து, 15 செ.மீ. அடுத்து தொடை, 24 செ.மீ. அதற்கடுத்து இடது கழுத்து, 20 செ.மீ. தோள்பட்டை எலும்புக்குக் கீழே கடைசியில்தான். இரத்தம் உறையாத விரியன் கடியிலும் டெங்குவிலும் அங்கே குத்தவே கூடாது, இரத்தம் வந்தால் அழுத்திப் பிடிக்க வழியில்லை, தொடைதான் பாதுகாப்பு. தொடையில் கழுத்துக்கான குட்டைக் கதீட்டரைப் போட்டால் சுத்தமான இரத்தமே திரும்பத் திரும்ப மெஷினுக்குள் வந்துகொண்டிருக்கும். நான்கு மணி நேரம் ஓட்டியும் பொட்டாசியம் இறங்கவில்லையென்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். ஹெப்பாரின் இல்லாமல் ஓட்டும்போது அரை மணிக்கு 100 மி.லி. சலைன் விட்டால் 6 மணி நேரத்தில் 1.2 லிட்டர் உடலுக்குள் போயிருக்கும். அதை நீர் எடுக்கும் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒரு லிட்டர் எடுத்தோம் என்று எழுதிவிட்டு உண்மையில் 200 மி.லி. ஏற்றி அனுப்பியிருப்போம்.

தண்ணீரைப் பற்றி இந்த மாவட்டங்களில் கூடுதலாகவே பேச வேண்டும். நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் ஒருவருடைய இரத்தம் 120 லிட்டர் தண்ணீரோடு மெல்லிய சவ்வு வழியே பரிமாறிக்கொள்கிறது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. டயாலிசிஸ் நீரில் 0.2-க்கு மேல் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இங்குள்ள நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால்தான். போர்வெல் நீரில் 4 இருந்து, ஆர்.ஓ. சவ்வு தேய்ந்து பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டால் வெளியே வருவது 0.4, அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு. நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் நல்ல எண் காட்டும், ஃப்ளோரைடு அதில் தனியாகத் தெரியாது. 1993-இல் சிகாகோவில் நீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் திறன் தீர்ந்துபோய் ஃப்ளோரைடு டயாலிசிஸ் நீரில் கலந்ததில் மூன்று நோயாளிகள் இறந்தார்கள். ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு வரும் சிறிய ஆர்.ஓ.வை எந்தக் குழாயில் மாட்டுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கோடையில் லாரித் தண்ணீர் வந்தால் அதில் ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மொத்தக் குளோரின் 0.1-ஐத் தாண்டினால் சிவப்பணு உடையும், கார்பன் டேங்க் இல்லாத சிறிய ஆர்.ஓ. அதைத் தடுக்காது. ஓட்டத் தொடங்கும் முன் ஸ்ட்ரிப்பில் குளோரின் பார்க்க ஒரு நிமிடம் போதும். டயாலிசிஸின் நடுவில் பலருக்கும் வாந்தி, தலைவலி, அழுத்த ஏற்றம் என்று வந்தால் சாஃப்ட்னர் தீர்ந்து கடின நீர் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மெஷினே கிடைக்காத இரவில், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வயிற்று டயாலிசிஸ் இன்றும் நல்ல வழிதான். வயிறு திறந்து அறுவை நடந்தவருக்கு ஆகாது. பொட்டாசியம் மெதுவாகத்தான் இறங்கும்.

டயாலிசிஸ் அன்று ஆன்டிபயாடிக் டோஸை முடிந்த பிறகு கொடுக்க வேண்டும். மெரோபெனமைப் போட்டுவிட்டு உடனே ஓட்டினால் மருந்து வடிகாலுக்குப் போகும்.

குடும்பத்தாரிடம் பேசுவது

வெளியே காத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். “சார், ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் போட்டுக்கிட்டே இருக்கணுமாமே?” இந்தப் பயத்தால் தேவையான நேரத்தில் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. “இல்லம்மா, இவருக்கு நேத்துவரைக்கும் கிட்னி நல்லா இருந்துச்சு. இப்ப அடிபட்டுக் கெடக்குது. அது எந்திரிக்கிறவரைக்கும்தான் இது” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். எதிர்ப்பக்கக் கேள்வியும் வரும். “ஏன் இன்னும் போடாம வச்சிருக்கீங்க? பணம் கட்டலைன்னா?” அப்போது எண்களைக் காட்டிப் பேச வேண்டும். எந்த எண் தாண்டினால் போடுவோம், அடுத்த பரிசோதனை எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டால் காத்திருப்பதில் அவர்களும் பங்கெடுத்துக்கொள்வார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டைக்கான தாள்களை முதல் நாளே எடுத்துவரச் சொல்லிவிட வேண்டும். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டமான ‘இன்னுயிர் காப்போம்’ உண்டு.

டயாலிசிஸால் மாறாத நிலையும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லியைக் குடித்து நுரையீரல் போய்க்கொண்டிருப்பவருக்கு டயாலிசிஸ் அந்த நஞ்சை எடுத்து உயிரைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையைத் தரக் கூடாது. பல உறுப்புகள் போன முதியவருக்கு, மூன்று முதல் ஐந்து நாள் போட்டுப் பார்ப்போம், மற்ற உறுப்புகள் தேறவில்லையென்றால் மேலே தொடர வேண்டாம் என்று தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்வது குடும்பத்துக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது.

நிறுத்தும் நேரத்தைச் சிறுநீரே சொல்லும். லாசிக்ஸ் இல்லாமல் நாளுக்கு 400, 500 மி.லி. தாண்டினால் அடுத்த டயாலிசிஸைத் தள்ளிவைத்துப் பார்க்கலாம். கிரியாட்டினின் தானாக நிற்கிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக் கதீட்டரை எடுத்துவிடலாம். வாரத்துக்கு மூன்று என்று பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனால் மீண்ட சிறுநீரகம் கண்ணில் படாமலே போகும். மூன்று வாரம் தாண்டியும் விரியன் கடிக்காரருக்குச் சிறுநீர் திரும்பவில்லையென்றால் சிறுநீரகத்தின் வெளிப்பகுதி செத்துவிட்டதா என்று ஸ்கேனிலும் தேவையானால் பயாப்ஸியிலும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் தாளில் கடைசி கிரியாட்டினினையும் எடையையும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும். மூட்டுவலி, உடம்புவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, வயிற்றுப்போக்கு வந்தால் மெட்ஃபார்மினையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டு அன்றே வந்து காட்ட வேண்டும் என்று வீட்டில் மருந்து எடுத்துக்கொடுப்பவரிடமே நேரில் சொல்லி அனுப்புவது நல்லது.